செந்நீர் ஏரியின் பூநாரைகள்



கினாபாலு மலையின் உயரம் 4,095 மீட்டர் என்பதை நம் பள்ளிப் பிள்ளைகள் உறக்கத்திலும் ஒப்புவிப்பார்கள். அந்தச் சிகரத்தைவிட ஏறத்தாழ 180 மீட்டர் கூடுதலான உயரத்தில் ஓர் ஏரி பரந்து கிடக்கிறது என்றால் அவர்களால் எளிதில் நம்ப இயலாது. அந்த ஏரியில் ஆயிரக்கணக்கான பூநாரைகள் இரை தேடுகின்றன, கூடு கட்டுகின்றன, குஞ்சு பொரிக்கின்றன என்றால் இன்னும் வியப்பார்கள். நானும் வியந்தவள்தான். சென்ற ஆண்டிறுதி விடுமுறையில் அவ்வேரியை நேரில் காணும் வாய்ப்புக் கிட்டியது.

தென் அமெரிக்காவில், பொலிவியா நாட்டின் தென்மேற்கு மூலையில், கடல் மட்டத்திலிருந்து 4,278 மீட்டர் உயரத்தில் உள்ளது லகுனா கொலராடா. ஸ்பானிய மொழியில் ‘செந்நிற ஏரி’ என்பது அதன் பொருள். பரப்பளவு ஏறத்தாழ 60 சதுர கிலோமீட்டர். அதாவது, பினாங்குத் தீவில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால், ஆழமோ மிகக் குறைவு. பெரும்பாலான இடங்களில் நின்றால் முழங்கால்தான் நனையும். நீரில் வாழும் நுண்பாசிகளும் அடியில் உள்ள படிவுகளும் சேர்ந்து ஏரிக்குச் செங்கல் நிறத்தைக் கொடுக்கின்றன. இடையிடையே வெண்காரத் திட்டுகள் பனிக்கட்டி மிதப்பதுபோல் வெளுத்துக் கிடக்கின்றன. இந்த ஏரி 1990ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நம் நாட்டின் தாசிக் பெரா 1994இல் இடம்பெற்றதும் அதே பட்டியலில்தான்.

என்னுடன் வந்தவர் ஓய்வுபெற்ற தாதியான என் அக்காள். பல விமானங்கள் மாறி லா பாஸ் நகரை அடைந்து, அங்கிருந்து இரவுப் பேருந்தில் உயூனி என்னும் சிற்றூருக்குச் சென்றோம். உலகின் மிகப் பெரிய உப்புவெளி அவ்வூரின் அருகில்தான் உள்ளது. 10,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் வெள்ளை வெளேரென்று விரிந்து கிடக்கிறது. அங்கிருந்து நான்கு சக்கர இயக்க வாகனத்தில் இரண்டு நாள் தெற்கு நோக்கிப் பயணம். சாலை என்று சொல்லத்தக்க ஒன்று பெரும்பாலும் இல்லை. முந்தைய வாகனங்களின் தடங்களே வழி. மரம் இல்லை, ஊர் இல்லை. கல்லும் மணலும், எட்டத்தில் எரிமலைகளும் மட்டுமே.

அவ்வுயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் மூன்று பங்குதான். பத்தடி நடந்தால் மூன்று மாடி ஏறியதுபோல் மூச்சு வாங்கும். “வேகமாக நடக்காதே, பேசிக்கொண்டே நடக்காதே, தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடி” என்று அக்காள் பத்து நிமிடத்துக்கொரு முறை நினைவூட்டினார். வழியில் ஒரு வீட்டில் கொக்கோ இலையை வெந்நீரில் ஊறவைத்துக் கொடுத்தார்கள். உயரத்தால் வரும் தலைவலிக்கு அம்மக்களின் கைமருந்து அது. கொக்கோ என்றதும் சாக்லெட் என்று எண்ணிவிடாதீர்கள். இது ‘கோக்கா’ என்னும் வேறு செடி. அக்காள் கோப்பையை முகர்ந்து பார்த்துவிட்டு, “முருங்கைக் கீரைத் தண்ணீர் மாதிரி இருக்கிறது” என்றார்.

ஏரியை நாங்கள் அடைந்தபோது பிற்பகல் மூன்று மணி இருக்கும். காற்று ஆளைத் தள்ளிக்கொண்டு வீசியது. கரையை நெருங்கிப் பறவைகளைக் கலைக்கக் கூடாது என்பதால் மேட்டில் உள்ள பாதையிலேயே நின்று பார்த்தோம். முதற்பார்வையில் தெரிந்தவை பறவைகளே அல்ல. செந்நீரின்மேல் யாரோ ரோஜா இதழ்களை வாரி இறைத்ததுபோல் புள்ளிகள். தொலைநோக்கியைக் கண்ணில் வைத்த பின்னரே ஒவ்வொரு புள்ளிக்கும் கழுத்தும் காலும் முளைத்தன.

எங்கள் வாகனமோட்டி கெட்டெனா சிக்கோ என்னும் அருகிலுள்ள மலைச்சிற்றூரைச் சேர்ந்தவர். ஆங்கிலம் ஓரளவே பேசுவார். “எத்தனை வகை தெரிகிறது?” என்று கேட்டார். “ஒன்றுதானே?” என்றார் அக்காள். அவர் சிரித்துவிட்டு, “கால்களைப் பாருங்கள்” என்றார்.

பார்த்தோம். கால்கள் மஞ்சளாக இருந்தால் அது ஆண்டியப் பூநாரை. உலகில் உள்ள ஆறு வகைப் பூநாரைகளுள் மஞ்சள் கால் உடையது இது ஒன்றே. எண்ணிக்கையில் மிகக் குறைந்ததும் இதுவே. கால்கள் சாம்பல் நிறமாகவும் மூட்டு மட்டும் சிவப்பாகவும் இருந்தால் அது சிலிப் பூநாரை. உருவில் சிறியதாய், கால்கள் செங்கல் சிவப்பாய், பளிச்சென்ற மஞ்சள் அலகின் நுனியில் மட்டும் கறுப்பு இருந்தால் அது ஜேம்ஸ் பூநாரை. கால் மணி நேரம் பார்த்த பின்னர் அக்காளே, “அதோ மஞ்சள், அதோ சாம்பல்” என்று சுட்டிக்காட்டத் தொடங்கிவிட்டார். ஒரே கூட்டம் என்று நினைத்த இடத்தில் மூன்று குடும்பங்கள்!

இங்கு மொழி ஆசிரியை என்ற முறையில் ஒரு சிறு குறிப்பு. பூநாரையைச் சிலர் செங்கால் நாரை என்று எழுதுகின்றனர். செங்கால் நாரை வேறு பறவை. பூநாரையின் பெயரில் நாரை இருந்தாலும் அது நாரை இனத்தைச் சேர்ந்ததன்று. மரபணு ஆய்வுகளின்படி அதன் நெருங்கிய உறவினர் நம் குளங்களில் மூழ்கி எழும் முக்குளிப்பான்தான். தமிழகத்தின் கோடியக்கரைக்கு வருவது இவற்றினும் பெரிய மற்றொரு வகைப் பூநாரை.

ஜேம்ஸ் பூநாரைக்கு ஒரு வரலாறு உண்டு. ஹாரி பெர்க்லி ஜேம்ஸ் என்னும் பறவை ஆர்வலரின் பெயரால் 1886ஆம் ஆண்டில் அறிவியல் உலகிற்கு அது அறிமுகமானது. பின்னர்ப் பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அது அழிந்துவிட்டதாகவே அறிஞர் பலர் கருதினர். 1950களின் பிற்பகுதியில் ஆய்வாளர்கள் இந்த உயர்மலைப் பகுதிக்கு வந்தபோதுதான் அது நலமாக வாழ்ந்துகொண்டிருப்பது தெரிந்தது. ‘கண்டுபிடித்தார்கள்’ என்று நூல்கள் கூறுகின்றன. ஆனால், ஆண்டிய மலைமக்களோ இப்பறவைகளைப் ‘பரினா’ என்ற பெயரால் அழைப்பவர்கள்; பெரியதைப் பெரிய பரினா என்றும் சிறியதைச் சின்னப் பரினா என்றும் பிரித்தறிந்தவர்கள். நூலில் காணாமற்போன பறவை ஊராரின் பேச்சில் காணாமற்போகவில்லை. எண்ணிப் பார்க்க எவரும் செல்லாத இடத்தில் உள்ளதெல்லாம் இல்லாததாகிவிடுமா என்ன?

பயணம் புறப்படுவதற்கு முன் என் மாணவர்களிடம், “நான் அங்கே போய் உங்களுக்காக எதைப் பார்த்து வரவேண்டும்? எழுதிக் கொடுங்கள்” என்று கேட்டிருந்தேன். எங்கள் பள்ளி தோட்டப்புறப் பள்ளி. நான்காம், ஐந்தாம் ஆண்டுகளை ஒரே அறையில் வைத்துக் கூட்டு வகுப்பாக நடத்துகிறோம். மொத்தம் எட்டுப் பேர், எட்டுக் கேள்விகள். அந்தத் தாள்களைக் கையுறை அணிந்த கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக விடை தேடினேன். சிலவற்றை இங்குப் பகிர்கிறேன். வகுப்பில் பயன்படும்.

“பிறக்கும்போதே இளஞ்சிவப்பா?” இல்லை. குஞ்சு சாம்பல் நிறமாகவே பிறக்கிறது. நுண்பாசியிலும் சிறு உயிர்களிலும் உள்ள கரோட்டினாய்டு என்னும் நிறமிகள் உணவின் வழியாக உடலில் சேர்ந்து, இரண்டு மூன்று ஆண்டுகளில் சிறகுக்கு நிறம் ஏறுகிறது. ஏரியின் ஓரத்தில் நிறம் ஏறாத இளம் பறவைகள் சிலவற்றைக் கண்டேன். அவையும் பெரியவற்றின் நடுவிலேயே தலையைத் தாழ்த்தி மேய்ந்துகொண்டிருந்தன.

“எப்படிச் சாப்பிடும்?” தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைக்கிறது. நாக்கு நொடிக்குப் பல முறை முன்னும் பின்னும் அசைந்து நீரை உறிஞ்சி வெளியேற்றுகிறது. அலகின் உள்ளே சீப்புப் பற்கள்போல் வரிசையாக உள்ள தகடுகள் இரையைத் தடுத்து நிறுத்துகின்றன. ஜேம்ஸ் பூநாரையும் ஆண்டியப் பூநாரையும் டயாட்டம் எனப்படும், கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளையே பெரிதும் உண்கின்றன. சிலிப் பூநாரை சேற்றைக் காலால் கலக்கிச் சிறு உயிர்களைப் பிடிக்கிறது. ஒரே ஏரி, ஆனால், ஒரே தட்டில் மூவரும் கை வைப்பதில்லை.

“முட்டி ஏன் பின்பக்கமாக மடங்குகிறது?” இந்தக் கேள்வியைக் கேட்ட மாணவனை நான் மனமாரப் பாராட்டினேன். நாம் முட்டி என்று எண்ணுவது கணுக்கால். உண்மையான முழங்கால் மேலே சிறகுக்குள் மறைந்திருக்கிறது.

“ஒற்றைக் காலில் நின்றால் வலிக்காதா?” அமெரிக்க ஆய்வாளர் இருவர் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு விடை தருகிறது. இறந்த பூநாரையின் உடலைக்கூட ஒற்றைக் காலில் நிலையாக நிறுத்த முடிந்ததாம். இரண்டு காலில் நிறுத்த முடியவில்லையாம். தசையின் முயற்சி ஏறத்தாழத் தேவைப்படாதவாறு அதன் மூட்டுகள் அமைந்துள்ளன. நமக்குத் தவமாகத் தெரிவது அதற்கு ஓய்வு.

எட்டாவது தாள் ஒரு மாணவியுடையது. ஐந்தாம் ஆண்டு. அதிகம் பேசமாட்டாள். அவள் எழுதியிருந்தது இது: “அங்கே குளிர், உப்பு, காற்று என்று சொன்னீர்கள். பிறகு ஏன் அந்தப் பறவைகள் நல்ல ஏரிக்குப் போகவில்லை?”

அக்கேள்வி பறவையைப் பற்றியது மட்டும் அன்று என்பதை நான் அறிவேன். பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகு எங்கள் தோட்டத்தில் தமிழ்க் குடும்பங்கள் குறைந்துகொண்டே வந்தன. பள்ளியில் மொத்தம் இருபதுக்கும் குறைவான மாணவர்களே உள்ளனர். விடுமுறைக்கு முன்பே இரண்டு குடும்பங்கள் பட்டணத்துக்கு மாறுவதாகச் சொல்லிவிட்டன. அவற்றுள் ஒன்று அவளுடையது. அவளுடைய அப்பாவிடம், “போகத்தான் வேண்டுமா?” என்று நான் கேட்கவில்லை. லாரி ஓட்டும் அவர் வேலைக்காக நாள்தோறும் எத்தனை தூரம் போய்வருகிறார் என்பது எனக்குத் தெரியும்.

அந்தத் தாளுக்கு மட்டும் உடனே விடை எழுத முடியவில்லை. விடையின் ஒரு பாதி கண்முன்னே இருந்தது. உப்பும் வெண்காரமும் மிகுந்த இந்நீரில் மீன்கள் வாழ்வதில்லை. எனவே, நுண்பாசிக்குப் போட்டி இல்லை. மிகுதியான உப்பை வெளியேற்றப் பூநாரைக்கு நாசியருகே தனிச் சுரப்பி உண்டு. பிற உயிர்கள் வாழ முடியாத இடம் அதற்குப் பந்தி விரித்த இடம். கரையோரச் சேற்றைக் கூம்பாகக் குவித்து அதன்மேல் ஒரே ஒரு முட்டை இடுகிறது. தாயும் தந்தையும் மாறிமாறி அடைகாத்து, தொண்டைப் பையில் ஊறும் சிவந்த பாலை ஊட்டி வளர்க்கின்றன. அவ்வாறு ஊட்டும் காலத்தில் பெற்றோரின் நிறம் வெளிறிப் போவதும் உண்டு. பெற்றோர்களே, இதை நான் உங்களுக்கு விளக்கவேண்டியதில்லை!

மறுபாதியை வாகனமோட்டி சொன்னார். வெயில் சாயும் வேளையில் பத்துப் பதினைந்து பறவைகள் நீரின்மேல் ஓடி, எழும்பி, மலைக்கு அப்பால் பறந்தன. சிறகின் ஓரத்துக் கறுப்பு அப்போதுதான் தெரிந்தது. “எங்கே போகின்றன?” என்றேன். “வேறு ஏரி. இவை எப்போதும் இங்கேயே இருப்பதில்லை. குளிர்காலத்தில் நிறையப் பறவைகள் கீழே போய்விடும். திரும்பி வரும்” என்றார்.

அவர் சொன்னது உண்மை. ஆண்டியப் பூநாரைகளும் ஜேம்ஸ் பூநாரைகளும் பொலிவியா, சிலி, அர்ஜெண்டினா, பெரு ஆகிய நான்கு நாடுகளின் ஏரிகளுக்கிடையே இடம் மாறுகின்றன. குளிர்காலத்தில் ஒரு பகுதி அர்ஜெண்டினாவின் மார் சிக்கீத்தா வரை இறங்குகிறது. அது கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர்கூட உயரமில்லாத ஏரி. அதனால்தான் 1997ஆம் ஆண்டு முதல் நான்கு நாட்டு ஆய்வாளர்களும் ஒரே காலத்தில் பல ஏரிகளுக்குச் சென்று கணக்கெடுக்கின்றனர். ஓர் ஏரியை மட்டும் எண்ணினால், பறவை அழிந்ததா, இடம் மாறியதா என்பது விளங்காது. இன்று பறவையில்லாத ஏரியும் அந்த வலைப்பின்னலில் ஒரு கண்ணிதான்.

ஆனால், ஏரி வெறுமையாக இருக்கும்போதுதான் அதற்கு ஆபத்தும் அதிகம். “அங்கே ஒன்றும் இல்லை” என்று சொல்லிவிட்டால் தோண்டுவது எளிது. நம் கைப்பேசியின் மின்கலத்தில் உள்ள லித்தியம் பெரும்பாலும் இத்தகைய உப்புவெளிகளின் அடியில் உள்ள உவர்நீரிலும் பாறைகளிலும் கிடைக்கிறது. உவர்நீரை இறைத்து, பாத்திகளில் விட்டு, வெயிலில் வற்றவைத்துப் பிரிக்கிறார்கள். உயூனி உப்புவெளியில் பொலிவிய அரசின் லித்தியம் ஆலை 2023 டிசம்பரில் திறக்கப்பட்டது. எல்லைக்கு அப்பால் சிலியின் அதகாமா உப்புவெளியில் இத்தொழில் பல ஆண்டுகளாக நடைபெறுகிறது. அங்கு ஆண்டியப் பூநாரையும் ஜேம்ஸ் பூநாரையும் 11 ஆண்டுகளில் 10 முதல் 12 விழுக்காடு வரை குறைந்துள்ளதாக 2022இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. இதைச் சொன்னபோது வாகனமோட்டி, “எங்கள் பிள்ளைகளுக்கும் வேலை வேண்டுமே” என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. அவரைப் படம் எடுத்த என் கைப்பேசியிலும் அதே லித்தியம்தான் இருந்தது.

அன்றிரவு ஏரிக்கு அருகில் ஒரு எளிய விடுதியில், மூன்று கம்பளிகளுக்குள் சுருண்டுகொண்டு, அந்த மாணவிக்கு விடை எழுதினேன். “நீ கேட்டது நல்ல கேள்வி. அந்தப் பறவைகள் போகத்தான் செய்கின்றன. குளிர் வந்தால் போகின்றன; இரை குறைந்தால் போகின்றன. போவது தவறில்லை. ஆனால், அவை திரும்பி வரும்போது ஏரி இருக்க வேண்டும். ஏரியைப் பார்த்துக்கொள்வது பறவையின் வேலை அன்று, மனிதரின் வேலை.” அதற்கு மேல் எழுதவில்லை. கை விறைத்துவிட்டது.

நாடு திரும்பியதும் அவளிடம் அதைக் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு, “டீச்சர், பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு நான் வரலாமா?” என்று கேட்டாள். “வா. உன் இல்லத்துக் கொடியை நீயே பிடி” என்றேன். அவள் இப்போது பட்டணத்துத் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறாள். அங்கு நூலகம் பெரிது என்று அவள் அம்மா சொன்னார். எனக்கு மகிழ்ச்சியே.

பள்ளியும் ஏரியும் ஒன்றல்ல, நான் அறிவேன். பட்டணம் சென்ற குடும்பம் தோட்டத்துக்குத் திரும்புவது அரிது. ஆயினும், சிறுபள்ளியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘அங்கே ஆளே இல்லை’ என்னும் சொல் நம் வாயிலிருந்தே முதலில் வருகிறதே, அதை மட்டும் நிறுத்திக்கொள்வோம். இவ்வாண்டு எங்கள் முதலாம் ஆண்டில் இரண்டே பிள்ளைகள். இருவரும் காலையில் ஏழேகால் மணிக்கெல்லாம் வந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு அது முழுப் பள்ளி. முன்னாள் மாணவர்கள் பொங்கலுக்கு ஒரு முறை வாருங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், பிள்ளை இங்குப் படிக்காவிட்டாலும், ஒரு நாற்காலியில் அமருங்கள். அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டுக்குப் பதிய வேண்டிய பிள்ளை அக்கம்பக்கத்தில் இருந்தால் சொல்லுங்கள். நாங்களே வீடு தேடி வருகிறோம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். பறவை பார்க்கப் பொலிவியா வரை போகவேண்டியதில்லை. செப்டம்பர் முதல் மார்ச் வரை வடக்கிலிருந்து வலசை வரும் கரைப்பறவைகள் கோல சிலாங்கூர்க் கடலோரச் சேற்றில் இறங்குகின்றன. வற்றிய வேளையில் பார்த்தால் அதுவும் வெறும் சேறுதான். ஒரு வார இறுதியில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். தொலைநோக்கி, தொப்பி, குடிநீர், ஒரு குறிப்பேடு போதும். பறவையின் பெயர் தெரியாவிட்டாலும் கவலை வேண்டா. காலின் நிறத்தையும் அலகின் வடிவத்தையும் எழுதிவரச் சொல்லுங்கள். பெயரைப் பள்ளியில் சேர்ந்து தேடுவோம்.